கணைய ஆபரேஷனுக்குப் பிறகு கசிவு: இரைப்பை வழியாக வடிப்பது சரிதானா?

கேள்வி, பிப்ரவரி 6, மாலை 5:40

அம்மாவுக்குக் கணையத்தின் வால் பகுதியையும் மண்ணீரலையும் எடுத்து இன்று 16-வது நாள். வயிற்றில் வைத்திருந்த குழாயை 6-வது நாளே எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்று நாளாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல். இடது விலாவுக்குக் கீழே வலி. இரண்டு வாய் சாப்பிட்டாலே போதும் என்கிறார். ஸ்கேனில் இரைப்பைக்குப் பின்னால் 8 செ.மீ. அளவுக்கு நீர் தேங்கியிருக்கிறது. எண்டோஸ்கோப்பி வழியாக இரைப்பைச் சுவரில் துளை போட்டு, அது மூடாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைக்கிறோம் என்கிறார்கள். நன்றாக இருக்கும் இரைப்பையில் எதற்குத் துளை? வெளியே இருந்து ஊசி போட்டு எடுத்தால் முடிந்தது. என்னைக் கேட்டால் இது தேவையில்லாத வேலை.

பிப்ரவரி 6, இரவு 9:15

தேவையில்லாத வேலை இல்லை. பதினான்கு வருடமாக எண்டோஸ்கோப்பி அறையில் இருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அங்கே தேங்கியிருப்பது வெறும் தண்ணீர் இல்லை. கணையத்தை வெட்டிய முனையை ஸ்டேப்ளர் போட்டோ தையல் போட்டோ மூடுவார்கள். கணையம் வெண்ணெய் மாதிரி மிருதுவான உறுப்பு, அதில் தையல் சரியாக நிற்காது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் சாறு சுரக்கிற உறுப்பு அது. முனையில் ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் சாறு அதன் வழியே கசிந்து இரைப்பைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் சேரும். அதில் கிருமி புகுந்தால் காய்ச்சல். இரைப்பையைப் பின்னாலிருந்து அழுத்தினால் சாப்பிட முடியாது. உங்கள் அம்மாவுக்கு இரண்டும் இருக்கிறது.

வெளியே இருந்து குழாய் விட்டால் சாறு தோல் வழியாக வெளியே வரும். வேலை முடியும், ஆனால் கசிவு நிற்கும்வரை பையும் குழாயுமாக இருக்க வேண்டும். சில பேருக்கு வாரக்கணக்கில், சில பேருக்கு மாதக்கணக்கில். இரைப்பைக்குள் வழி திறந்துவிட்டால் சாறு அது போக வேண்டிய குடலுக்கே போய்விடும். பையும் வேண்டாம், குழாயும் வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நீரைச் சுற்றிச் சுவர் கெட்டிப்பட நான்கு வாரம் ஆகும். 16-வது நாள் கொஞ்சம் சீக்கிரம்.

பிப்ரவரி 6, இரவு 11:50

மேலே கடைசியாக எழுதிய நான்கு வார விஷயத்தை மாற்றிக்கொள்கிறேன். படுக்கப் போனவன் எழுந்து வந்து இதை எழுதுகிறேன், ஏனென்றால் அந்த வரியைப் படித்துவிட்டு யாராவது வடிப்பதைத் தள்ளிப்போட்டால் தப்பாகிவிடும்.

நான்கு வாரம் என்பது கடுமையான கணைய அழற்சிக்கு ஏற்பட்ட விதி. அங்கே கணையமும் சுற்றியுள்ள கொழுப்பும் அழுகிக் கிடக்கும். அது கரைந்து, ஓரம் கட்டிய பிறகு போவதுதான் நல்லது. ஆபரேஷனுக்குப் பின் வரும் தேக்கம் வேறு மாதிரி. பெரும்பாலும் திரவம்தான், கட்டி கட்டியாக அழுகல் இருக்காது. கத்தி பட்ட இடம் என்பதால் சுற்றிலும் எல்லாம் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும். இரண்டு வாரத்திலும் அதற்கு முன்னாலும்கூடப் பாதுகாப்பாக வடித்திருக்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். நாளைக் கணக்குப் பண்ணுவதைவிட ஸ்கேனில் ஓரம் தெரிகிறதா, இரைப்பையோடு ஒட்டியிருக்கிறதா, நடுவில் ரத்தக்குழாய் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். காய்ச்சல் இருக்கும்போது காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று. மண்ணீரல் எடுத்தவர்களுக்கு எந்தக் காய்ச்சலும் சாதாரணக் காய்ச்சல் இல்லை. நிமோகாக்கஸ் போன்ற கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டும் உறுப்பே போய்விட்டது. தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று நாளைக்கே கேளுங்கள்.

பிப்ரவரி 7, காலை 6:30

ராத்திரி ஒருவர், "அப்படியானால் ஸ்கேனில் நீர் தெரிகிற எல்லோருக்கும் வடிக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம். வால் பகுதி எடுத்த பலருக்கு ஸ்கேன் செய்தால் கொஞ்சம் நீர் தெரியும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சாப்பிடுகிறார் என்றால் விட்டுவிடலாம். அதுவாகவே வற்றும். படத்தைப் பார்த்துப் பயந்து கை வைப்பது தவறு. ஸ்டென்ட் வைத்தால் அதற்கென்று தொல்லைகள் உண்டு, அதைப் பின்னால் எழுதுகிறேன்.

கசிவு என்று எதைச் சொல்வது என்பதிலேயே ரொம்ப நாள் குழப்பம் இருந்தது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒரு கணக்கு வைத்திருந்ததால் ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது. 2005-இல் சர்வதேசக் குழு ஒன்று கூடி ஒரு வரையறை தந்தது, 2016-இல் அதைத் திருத்தினார்கள். மூன்றாம் நாளோ அதற்குப் பிறகோ, குழாயில் வரும் நீரில் அமைலேஸ் (கணையச் சாற்றில் உள்ள ஒரு நொதி) அளவு ரத்தத்தில் இருக்க வேண்டிய உச்ச அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் சாறு கசிகிறது என்று பொருள். கணையக் கசிவு நோயை ஃபிஸ்டுலா என்பார்கள், அதற்கு ஏ, பி, சி என்று மூன்று கிரேடு வைத்திருந்தார்கள். நோயாளிக்கு ஒரு பாதிப்பும் இல்லையென்றால் அதை இப்போது ஃபிஸ்டுலா என்றே எண்ணுவதில்லை. பழைய ஏ கிரேடு அப்படிப் போய்விட்டது. குழாய் மூன்று வாரத்துக்கு மேல் இருக்கிறது, புதிதாக வடிக்க வேண்டியிருக்கிறது என்றால் பி. மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியது, உறுப்புகள் செயலிழப்பது, இறப்பு என்றால் சி. அம்மாவுடையது பி.

பிப்ரவரி 7, இரவு 10:05

இன்று மதியம் அம்மாவுக்குச் செய்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நிம்மதி. உள்ளே என்ன நடந்தது என்று கேட்டதால், நான் செய்யும் விதத்தைச் சொல்கிறேன்.

எண்டோஸ்கோப்பின் நுனியில் சின்ன அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கும். அதை இரைப்பைக்குள் கொண்டுபோய்ப் பின்சுவரில் வைத்தால் திரையில் கறுப்பாக ஒரு குளம் தெரியும். சீழ் இருந்தால் அதில் சாம்பல் நிறத் துகள்கள் பனி மாதிரி மெதுவாக இறங்கும். அப்புறம் ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரைப் போடுவேன். சிவப்பும் நீலமுமாக எங்கேயாவது மின்னினால் அங்கே ரத்தக்குழாய் ஓடுகிறது, இடத்தை மாற்ற வேண்டும். மண்ணீரலின் ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் சிரையை எடுத்த அல்லது அடைத்த பிறகு இரைப்பைச் சுவரில் சிரைகள் புடைத்துக்கொள்வதுண்டு. அதனால் இந்த ஆபரேஷனுக்குப் பிறகு டாப்ளரில் கூடுதல் நேரம் செலவழிப்பேன். அவசரப்படுத்தினாலும் கேட்க மாட்டேன்.

குளத்துக்கும் இரைப்பைக்கும் இடையே 1 செ.மீ.க்குள் இருந்தால் நல்லது. ஸ்டென்டின் நடுப்பகுதி அவ்வளவு நீளம்தான். நுனியில் மின்சாரம் பாயும் கருவியால் சுவரைத் துளைத்துக்கொண்டே உள்ளே போய், முதல் விளிம்பைக் குளத்துக்குள் விரிப்போம். பூ விரிவது போலத் திரையில் தெரியும். லேசாக இழுத்துச் சுவரோடு ஒட்டவைத்து, இரண்டாவது விளிம்பை இரைப்பைக்குள் விரிப்போம். விரிந்த அந்த நொடியில் உள்ளே அடைபட்டிருந்தது குபுக்கென்று வரும். கிருமி புகாத கணையச் சாறு ஊற்று நீர் போலத் தெளிவாக இருக்கும். சீழ் சேர்ந்தால் பழுப்பாக, கலங்கலாக. அதில் கொஞ்சம் பிடித்து அமைலேஸுக்கும் கிருமி வளர்ப்புக்கும் அனுப்புவோம்.

காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்ஸைடுதான் ஊத வேண்டும். அது சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடும், ரத்தத்தில் புகுந்தாலும் ஆபத்து குறைவு. புதிதாகத் தைத்த வயிற்றுக்குள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பிப்ரவரி 9, மதியம் 2:20

"உங்கள் ஸ்டென்ட் கசிவை அடைக்கவில்லையே, பிறகு எப்படிக் குணமாகிறது?" என்று கேட்டவருக்கு.

அடைக்கவில்லை, உண்மை. நாங்கள் சாற்றுக்கு வழி மட்டும் காட்டுகிறோம். தேங்கிய சாறும் சீழும் போன பிறகு, வெட்டிய முனையை உடம்பே தழும்பு கட்டி மூடிக்கொள்கிறது. எனக்கு இது புரியச் சில வருடம் ஆயிற்று. ஆரம்பத்தில் நானும் ஓட்டையைத் தேடிப் போய் அடைக்க வேண்டும் என்ற வேகத்தில் இருந்தேன்.

அப்படி ஒரு வழியும் இருக்கத்தான் செய்கிறது. வால் எடுத்தவர்களுக்குக் கணையத் தலை அப்படியே இருக்கும், சாறு குடலில் இறங்கும் வாசலும் இருக்கும். ஈ.ஆர்.சி.பி. செய்து, அதாவது வாய் வழியாக ஸ்கோப்பைக் குடல் வரை கொண்டுபோய், அந்த வாசல் வழியாகக் கணையக் குழாயில் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தால் வாசலில் உள்ள அழுத்தம் குறையும். சாறு கசியும் பக்கம் போகாமல் குடல் பக்கம் போகும். குழாயில் வடிவது வாரக்கணக்கில் நிற்காதபோதும், தலைப்பகுதியில் சுருக்கம் இருக்கும்போதும் இது கை கொடுக்கும். சரி, அப்படியானால் ஆபரேஷனுக்கு முன்பே எல்லோருக்கும் வைத்துவிட்டால் கசிவே வராதே என்று நினைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். கசிவு குறையவில்லை. அந்த ஸ்டென்டே கணைய அழற்சியைக் கிளப்பலாம், கிருமியை உள்ளே கொண்டுபோகலாம். அதனால் தேக்கம் இரைப்பைக்குப் பக்கத்தில் இருந்தால் நேராக அதை வடிப்பதுதான் எனக்கு முதல் தேர்வு. ஈ.ஆர்.சி.பி. இரண்டாவது.

பிப்ரவரி 12, இரவு 8:40

அப்பாவுக்கு விப்பிள் ஆபரேஷன் ஆனவர் ஒருவர், "எங்களுக்கும் இதையே செய்யச் சொல்லலாமா?" என்று கேட்கிறார். இதுவரை எழுதியதை அப்படியே விப்பிளுக்குக் கொண்டுபோகாதீர்கள். முதலிலேயே நான் இதைப் பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

விப்பிளில் கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி எல்லாம் போய்விடும். மிச்சக் கணையத்தை, பித்தநாளத்தை, இரைப்பையை என்று மூன்று இடத்தில் குடலோடு இணைப்பார்கள். சாறு இறங்கும் பழைய வாசலே கிடையாது, ஆகவே அந்த வழி ஈ.ஆர்.சி.பி. கிடையாது.

கசிவின் குணமும் வேறு. வால் பகுதியில் கசியும் சாறு பெரும்பாலும் தூங்கும் சாறு. குடல் நீரில் உள்ள என்டரோகைனேஸ் என்ற நொதி பட்டால்தான், சாற்றில் உள்ள டிரிப்சின் என்ற புரதம் செரிக்கும் நொதி விழித்துக்கொள்ளும். விப்பிளில் கசிவது குடலோடு இணைத்த இடத்திலிருந்து. அங்கே குடல் நீரும் பித்தமும் கலந்து சாறு விழித்துக்கொண்டே வெளியே வரும், பக்கத்தில் இருக்கும் ரத்தக்குழாயை அரிக்கும். எண்ணிக்கையில் வால் ஆபரேஷனில் கசிவு அதிகம், உயிருக்கு ஆபத்து விப்பிளில் அதிகம்.

தேங்கும் இடமும் எப்போதும் இரைப்பைக்குப் பக்கத்தில் இருக்காது. ஈரலுக்குக் கீழே வலது பக்கம் இருந்தால் நான் எட்டவே முடியாது. தோல் வழியாகக் குழாய் விடுவதுதான் சரி, ரேடியாலஜிஸ்ட் செய்வார். ஆபரேஷனில் வைத்த குழாய் இன்னும் இருந்தால் அதே பாதையில் கம்பி விட்டு நுனியைத் தேக்கத்துக்குள் திருப்பிவிடலாம். எண்டோஸ்கோப்பி செய்பவன் எல்லாவற்றுக்கும் எண்டோஸ்கோப்பி என்று சொல்லக் கூடாது.

சீக்கிரம் கண்டுபிடிப்பதுதான் உயிரைக் காக்கிறது என்பதற்கு நெதர்லாந்தில் பெரிய ஆய்வு நடந்தது. 2022-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 17 மையங்கள், 1,748 நோயாளிகள். தினமும் காய்ச்சல், ரத்தப் பரிசோதனை, குழாயில் வரும் நீர் ஆகியவற்றை ஒரே முறையில் பார்த்து, எப்போது ஸ்கேன், எப்போது வடிப்பு, எப்போது குழாயை எடுப்பது என்று விதி வைத்துச் செயல்பட்டார்கள். 90 நாளுக்குள் இறந்தவர்கள் 5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தார்கள். புது மருந்தும் இல்லை, புதுக் கருவியும் இல்லை. இதை நான் எல்லா ஜூனியர்களிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

பிப்ரவரி 13, அதிகாலை 5:10

ரத்தக்குழாய் அரிக்கும் என்று எழுதிவிட்டு அதை அப்படியே விட மனம் வரவில்லை. விப்பிள் ஆனவர்களின் வீட்டார் இதை மட்டுமாவது படியுங்கள்.

பல வருடத்துக்கு முன், ஒரு ஆஸ்பத்திரியில், ராத்திரி பதினொரு மணிக்கு வார்டிலிருந்து அழைப்பு. விப்பிள் ஆகி 14-வது நாள், மலம் கறுப்பாகப் போயிருக்கிறது, மாலையில் குழாயில் கொஞ்சம் ரத்தம் வந்து நின்றுவிட்டது, ஸ்கோப் போட்டுப் பாருங்கள் என்றார்கள். போட்டேன். இரைப்பையைக் குடலோடு இணைத்த இடம் சுத்தமாக இருந்தது. குடலின் இன்னொரு கிளைக்குள் பழைய ரத்தக் கட்டி. அதைக் கழுவி, உறிஞ்சி, எங்கிருந்து வருகிறது என்று தேடி ஒரு மணி நேரம் போக்கினேன். ஸ்கோப்பை வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் குழாயில் ரத்தம் பாய ஆரம்பித்தது. ஆஞ்சியோகிராம் அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம். ஆபரேஷனில் கட்டிவிட்ட தமனியின் முனை, சாறு அரித்து, சின்ன பலூன் போலப் புடைத்து வெடித்திருந்தது. உறையிட்ட ஸ்டென்ட் வைத்து நிறுத்தினார்கள். அவர் பிழைத்தார். அந்த ஒரு மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

குழாயிலோ வாந்தியிலோ மலத்திலோ கொஞ்சம் ரத்தம் வந்து தானாக நிற்பது முன்னறிவிப்பு. அதற்கும் பெரிய ரத்தப்போக்குக்கும் இடையில் சில மணி நேரமோ சில நாளோதான் இருக்கும். ஆபரேஷன் முடிந்து 24 மணி நேரத்துக்குப் பிறகு வரும் ரத்தத்துக்கு, அதுவும் கசிவு இருப்பவருக்கு, முதலில் தமனிகளைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம். "நின்றுவிட்டதே" என்று யார் சொன்னாலும், செவிலியரிடம் ரத்தம் பட்ட துணியைக் காட்டுங்கள், டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

முதல் நாளிலேயே இணைப்பின் ஓரத்திலிருந்து கசிகிற ரத்தம் தனி. அதற்கு ஸ்கோப் உதவும், கிளிப் போட்டு நிறுத்தலாம். தேக்கத்தை வடிக்கும் முன்பும் ஸ்கேனில் தமனிப் புடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்வேன். நீர் என்று நினைத்துப் புடைப்பைக் குத்திவிட்டால் திரும்ப வழியில்லை.

பிப்ரவரி 20, இரவு 9:30

வாந்தி நிற்கவில்லை, 12 நாளாக மூக்குக் குழாய் என்று எழுதியவருக்கு: இரைப்பை மந்தமாவது விப்பிளுக்குப் பின் சகஜம். குழாய் 8 முதல் 14 நாள் தேவைப்பட்டால் நடு நிலை, அதற்கு மேல் போனால் கடுமை. பல நேரம் பக்கத்தில் தேங்கிய நீர்தான் காரணம், அதை வடித்ததும் இரைப்பை வேலை செய்யத் தொடங்கும். அதனால் முதலில் ஸ்கேன். ஸ்கோப் போட்டால் இணைப்பு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதே நேரத்தில் இணைப்பைத் தாண்டி உணவு கொடுக்கும் மெல்லிய குழாய் ஒன்றை வைத்துவிட்டு வாருங்கள் என்று கேளுங்கள். பட்டினியோடு காத்திருந்தால் தையல் ஆறாது.

பிப்ரவரி 21, காலை 7:00

கொஞ்சம் விலகிப் போகிறேன். "இவ்வளவு ஆபத்தான இணைப்பை எதற்குச் செய்கிறார்கள், மூடிவிட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்டது மனதில் நிற்கிறது. ஆலன் விப்பிள் 1935-இல் வெளியிட்ட ஆபரேஷன்களில் கணையத்தைக் குடலோடு இணைக்கவே இல்லை, கட்டி மூடிவிட்டார். சாறு கசிந்தது. பிறகுதான் குடலோடு இணைக்கும் வழிக்கு வந்தார்கள். அன்றிலிருந்து எத்தனையோ விதமாகத் தைத்துப் பார்த்துவிட்டார்கள், கசிவு முழுதாகப் போகவில்லை. அது தைத்தவரின் கைக்குற்றம் என்று சட்டென்று முடிவு கட்டாதீர்கள். மிருதுவான கணையமும் ஊசி முனை அளவுக் குழாயும் இருந்தால் யார் தைத்தாலும் கசிய வாய்ப்பு உண்டு.

மார்ச் 1, இரவு 10:45

விப்பிள் ஆகி இரண்டு வருடம், புற்று இல்லை, ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடுக்கத்தோடு குளிர் காய்ச்சல், ஒவ்வொரு முறையும் மருந்து கொடுத்து அனுப்புகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

பித்தநாளத்தைக் குடலோடு இணைத்த இடம் சுருங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாதங்கள், வருடங்கள் கழித்தும் வரும். முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, புற்று திரும்பவில்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும்.

சாதாரண ஸ்கோப் அங்கே எட்டாது, பாதை வளைந்து வளைந்து போகிறது. ஜப்பானின் யமமோட்டோ 2001-இல் அறிமுகப்படுத்திய இரட்டை பலூன் ஸ்கோப் இதை மாற்றியது. ஒரு பலூனை ஊதிக் குடலைப் பிடித்துக்கொண்டு, அதை ஸ்கோப்பின் மேல் சுருக்கிக்கொண்டே முன்னேறுவது, சட்டைக் கையை மேலே ஏற்றுவது மாதிரி. அந்த இணைப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. ஒருமுறை குடல் மடிப்புக்குப் பின்னால் வெள்ளைத் தழும்பும் நடுவில் குண்டூசித் தலை அளவு புள்ளியும் தெரிந்தது. கம்பியால் தொட்டதும் மஞ்சளாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. பலூன் போட்டு விரித்தபோது குழைந்த கற்கள் கொட்டின. அவருக்கு அதற்குப் பிறகு நடுக்கம் வரவில்லை. எட்டவே முடியாவிட்டால் இரைப்பையிலிருந்து ஈரலின் இடது பக்கப் பித்தக் குழாயை அல்ட்ராசவுண்டில் பார்த்துத் துளைத்து வழி செய்யலாம், அல்லது தோல் வழியாக ஈரலுக்குள் போகலாம்.

கணைய இணைப்பு சுருங்கினால் திரும்பத் திரும்ப வலி வரும். அந்த வாயைக் குடலுக்குள்ளிருந்து கண்டுபிடிப்பது இதைவிடக் கஷ்டம். இரைப்பை வழியாகக் கணையக் குழாயைக் குத்திப் போவது எங்கள் வேலையிலேயே கடினமானவற்றில் ஒன்று. அடிக்கடி செய்கிற இடத்துக்கு மட்டும் போங்கள்.

மார்ச் 3, மாலை 6:15

முதல் கேள்வி கேட்டவருக்கு. நாளை மறுநாள் அம்மாவுக்கு ஸ்டென்டை எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள், காய்ச்சல் போய் மூன்று வாரமாயிற்று, நன்றாகச் சாப்பிடுகிறார், இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்கிறீர்கள். இருக்கக் கூடாது. ஸ்டென்டுக்கென்று தொல்லைகள் உண்டு என்று அன்று சொல்லிவிட்டு எழுதாமல் போனது இதுதான்.

அந்தக் குளம் இப்போது சுருங்கிவிட்டது. அகலமான உலோக விளிம்பு, முன்பு நீருக்குள் மிதந்தது, இப்போது பின்சுவரில் உரசும். அங்கே இருப்பது தமனிகள். சில பேருக்கு இரைப்பைச் சதை விளிம்பின் மேல் வளர்ந்து ஸ்டென்டையே மூடிவிடும். அதனால்தான் 3, 4 வாரத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடுகிறோம். எனக்குத் தெரிந்து ஒருவர் உடம்பு நன்றாகிவிட்டதே என்று நான்காவது மாதம் வந்தார். ஸ்டென்டின் பாதி சதைக்குள் புதைந்திருந்தது. எடுப்பதற்கு இரண்டு தடவை போராட வேண்டியிருந்தது, ரத்தமும் வந்தது. அன்றிலிருந்து நோயாளி மயக்கம் தெளியும் முன்பே எடுக்கும் தேதியைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுகிறேன், வீட்டில் ஒருவருடைய போன் நம்பரையும் சேர்த்து.

மார்ச் 5, இரவு 8:00

எடுத்தாயிற்று, 8 செ.மீ. இருந்தது 1 செ.மீ. ஆகியிருக்கிறது, அந்த இடத்தில் இரண்டு சுருள்முனை பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியான வேலைதான். மெல்லியவை, மிருதுவானவை, முனை சுருண்டிருப்பதால் நழுவாது, சுவரைக் குத்தாது. முனையில் இன்னும் லேசாகக் கசிந்தால் சாறு அதன் ஓரமாக இரைப்பைக்குள் போய்க்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் இருக்கலாம். தானாக மலத்தில் விழுந்தாலும் பெரும்பாலும் பயமில்லை, ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அம்மா இன்று ராத்திரி என்ன சாப்பிட்டார் என்று எழுதவே இல்லையே. நாளைக்கு எழுதுங்கள்.